பழைய லப்டொப்புக்கு எந்த லினக்ஸ்? மின்ற், உபுண்டு, டெபியன், ஃபெடோரா: யாழ்ப்பாணத்து வீட்டுக் கணக்கில் ஓர் அலசல்

வின்டோஸ் 10 ஐ மைக்ரோசொஃப்ற் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியோடு கைவிட்டுவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்ரோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும், அவ்வளவுதான். சரி, 11 க்குப் போவோம் என்றால் ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்ரெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகு வந்ததோ வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் கிடப்பதோ கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மாமா பாவித்துவிட்டு அனுப்பின நாலாம், ஆறாம் தலைமுறை லப்டொப்புகள். இரும்பு மாதிரி இன்னும் ஓடும், ஆனால் 11 அவற்றை ஏற்காது. 2022 இல் ரூபா விழுந்த பிறகு புதிதாக ஒன்று வாங்குவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமும் இல்லை. அதனால்தான் வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் பற்றி முன்பு காதே கொடுக்காத ஆட்கள்கூட, மின்ற், உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்ற அதன் வகைகளில் எதைப் போடலாம் என்று இப்போது விசாரிக்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் வருகிற ஒப்பீடுகள் திரை வடிவு, அனிமேஷன், கேம் வேகம் என்று போகும். அவை எழுதப்படுகிற ஊர்களில் இணையம் அளவில்லாமல் வரும், பழுதானால் கேட்க ஆள் இருக்கும். நான் வேறு நாலு கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன். போட்ட பிறகு மாதம் எவ்வளவு டேட்டா தின்னும், தமிழ் எப்படித் தட்டுவது, இருக்கிற பிறின்ரர் வேலை செய்யுமா, இரவு பத்து மணிக்கு ஏதாவது நின்றுபோனால் வீட்டில் இருக்கிறவரே சரிபண்ணிக்கொள்ள முடியுமா. என் தீர்ப்பை முதலே சொல்லிவிடுகிறேன்: பொதுவான வீட்டுக்கு லினக்ஸ் மின்ற். றாம் 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலேசான திரையோடு வருகிற அதன் பதிப்பு, 8 என்றால் சினமன் என்ற திரையோடு வருகிற பதிப்பு. மற்ற மூன்றும் மோசம் என்று இல்லை, அவற்றுக்கு உரிய ஆட்கள் வேறு.

டேட்டாவில் தொடங்குவோம், ஏனென்றால் இங்கே கனபேர் ஃபோனில் இருந்து ஹொட்ஸ்பொட் போட்டுத்தான் லப்டொப்பைப் பாவிக்கிறார்கள். உபுண்டு 24.04 இன் ஐஎஸ்ஓ, அதாவது நிறுவுவதற்கு இறக்குகிற கோப்பு, கிட்டத்தட்ட 6 ஜிபி. மின்ற் 22 அதில் பாதிக்குக் கிட்ட. ஃபெடோரா இரண்டு ஜிபிக்குச் சற்று மேல். டெபியனின் சின்ன ஐஎஸ்ஓ ஒரு ஜிபிக்கும் குறைவுதான், ஆனால் அதில் ஏமாறக்கூடாது. மிச்சம் முழுவதையும் நிறுவுகிற நேரத்தில் இணையத்தில் இருந்துதான் இழுக்கும். நல்ல காலம், இறக்குவது ஒருமுறை வேலை. யாராவது ஒருவர் ஃபைபர் இருக்கிற வீட்டில் இறக்கினால் அந்தப் பென் டிரைவ் தெரு முழுக்கச் சுற்றலாம், எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் சட்டப்படி சரி. வென்ரோய் என்ற கருவியைப் போட்டால் ஒரே பென் டிரைவில் நாலு ஐஎஸ்ஓவையும் வைத்து ஒவ்வொன்றாக நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம்; டெபியனுக்கு மட்டும் அந்தச் சின்ன ஐஎஸ்ஓ சரிவராது, அதன் லைவ் ஐஎஸ்ஓ வேண்டும்.

உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் வருகிறது. உபுண்டு ஃபயர்பொக்ஸ் பிரவுசரையே ஸ்னாப் என்ற தன் சொந்த வடிவப் பொதியாகத்தான் (பொதி என்றால் நிறுவுகிற மென்பொருள் மூட்டை) தருகிறது. ஸ்னாப் பொதிகள் உங்களைக் கேட்காமல், ஒரு நாளைக்குப் பல தடவை, புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துத் தாமாகவே இறக்கும். பாதுகாப்புக்கு அது நல்லதுதான், ஆனால் ஹொட்ஸ்பொட் போட்டு ஒரு மின்னஞ்சல் பார்க்கப் போனவருக்குப் பக்கேஜ் முடிந்த செய்தி வரும்போது அந்த நியாயம் விளங்காது. கட்டளை கொடுத்து இதைத் தள்ளிப்போடலாம், ஆனால் அந்தக் கட்டளை தெரிந்த ஆள் இந்தக் கட்டுரையை வாசிக்கத் தேவையில்லை. மின்ற் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டதுதான், என்றாலும் ஸ்னாப்பை வேண்டுமென்றே தடுத்து வைத்திருக்கிறது; ஃபயர்பொக்ஸைச் சாதாரண டெப் பொதியாகத் தருகிறது. அதன் புதுப்பிப்பு மேலாளர் கீழ் மூலையில் ஒரு குறி காட்டும், இன்ன பொதிகள், இவ்வளவு எம்பி என்று சொல்லும், நீங்கள் அழுத்தினால்தான் இறக்கும். இரவு டேட்டா இருக்கிறவர்கள் பன்னிரண்டு மணிக்குப் பிறகு அழுத்தலாம். எனக்கு மின்ற் பிடித்துப்போனதற்கு இந்த ஒரு விஷயமே காணும்.

மின்றிலும் ஒரு பொறி இருக்கிறது, ஃபிளாட்பாக். மென்பொருள் கடையில் ஒரே பெயரில் இரண்டு வடிவம் தெரியும், ஒன்று சாதாரணப் பொதி, மற்றது ஃபிளாட்பாக். முதல் தடவை ஒரு ஃபிளாட்பாக் போட்டால் அதோடு சேர்ந்த அடித்தளப் பொதிகளும் வந்து நூற்றுக்கணக்கான எம்பி போய்விடும். வேறு வழி இல்லாவிட்டால் மட்டும் அதைத் தொடுங்கள்.

டேட்டாவில் எல்லோரையும் வெல்வது டெபியன். ஒரு பதிப்பு வெளிவந்த பிறகு பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வரும், புதிய வசதி என்று எதுவும் வராது. 2025 ஓகஸ்ற் 9 இல் வந்த டெபியன் 13 அப்படியே வருடக்கணக்கில் மாறாமல் கிடக்கும். ஃபெடோரா இதற்கு நேர் எதிர்: ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் பதின்மூன்று மாத ஆதரவு, இடையில் வாராவாரம் மூட்டை மூட்டையாகப் புதுப்பிப்பு. மென்பொருள் எழுதுகிற, புதியதைத் தேடுகிற, நல்ல இணைப்பு உள்ள ஒருவருக்கு ஃபெடோரா அருமையான தெரிவு. வீட்டுக்குப் பொதுவாக இருக்கிற லப்டொப்புக்கு வேண்டாம். சில வீடியோ வகைகள் ஓடவே ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஃபெடோராவை இதோடு விடுகிறேன்.

அடுத்தது தமிழ். ஊரில் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிப் பழகினவர்கள், இலங்கை அரச தரமான ரெங்கநாதன் விசைப்பலகை தெரிந்த அலுவலக ஆட்கள், ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்துத் தமிழாக்குகிற இளம் பிள்ளைகள். பாமினிக்காரருக்குப் பிரச்சினையே இல்லை. எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் லிப்ரே ஒஃபிஸில் வழக்கம்போல் தட்டலாம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து என்பதால் எழுத்துப்பிழை பார்க்கிற வசதி பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு போடும், அதை நிறுத்திவிட்டால் சரி. மற்ற இரண்டு கூட்டத்துக்கும் ஐபஸ்-எம்17என் என்ற பொதி வேண்டும். அதற்குள் ரெங்கநாதனும் இருக்கிறது, தமிழ்99 உம் இருக்கிறது, ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கிறது.

இந்த இடத்தில் உபுண்டுவுக்குத்தான் முதல் இடம். அதன் க்னோம் என்ற திரைக்குள், வேறு மொழியில் தட்ட உதவுகிற ஐபஸ் ஏற்கெனவே ஒட்டிப் பிணைந்து இருப்பதால் பொதியைப் போட்டுவிட்டு அமைப்பில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்ச் சேர்த்தால் முடிந்தது. மின்றில் உள்ளீட்டு முறை என்ற தனிக் கருவியைத் திறந்து, ஐபஸைத் தெரிந்து, வெளியேறித் திரும்ப நுழைந்து, பிறகுதான் மொழியைச் சேர்க்க வேண்டும். நிறுவினதும் நீங்களே முன்னின்று செய்து கொடுத்துவிடுங்கள், அப்பாவை நம்பி விடவேண்டாம்.

வேகம் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. உபுண்டுவின் க்னோம் 4 ஜிபி றாமில் ஓடும், ஆனால் பிரவுசரில் ஆறு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். எக்ஸ்எஃப்சிஈ இலேசு. ஆனாலும் எந்த லினக்ஸ் என்பதைவிட, உள்ளே சுழல்கிற ஹாட் டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றி ஓர் எஸ்எஸ்டி போடுவதுதான் பெரிய மாற்றம் தரும். அதற்குக் கையில் காசு இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். மிகப் பழைய 32 பிற் கணினி என்றால் கதை வேறு: உபுண்டுவோ மின்றோ அதற்கு வராது, டெபியனிலும் 12 தான் கடைசி, 13 இல் 32 பிற்றுக்கான நிறுவி இல்லை.

பிறின்ரர் பிரச்சினை நாலு லினக்ஸுக்கும் பொது, எல்லாமே கப்ஸ் என்ற ஒரே அமைப்பைத்தான் பாவிக்கின்றன. எச்பி பிறின்ரர்கள் பெரும்பாலும் செருகினதும் வேலை செய்யும், எப்சனின் மைத்தாங்கி வகைகளும் அப்படித்தான். கரைச்சல் தருவது கனோன் எல்பிபி 2900 மாதிரியான பழைய சின்ன லேசர்கள். அவை கப்ற் என்ற தனி மொழியில் பேசுகிறவை, லினக்ஸில் ஓட வைக்கலாம் என்றாலும் அது ஒரு பின்னேரத்தைத் தின்கிற வேலை. உங்களிடம் இருப்பது அதுதான் என்றால், பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவில் கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோவது சுகம். அங்கே போய் வந்த பென் டிரைவில் ஷோர்ட்கட் வைரஸ் ஏறியிருக்கும்தான். லினக்ஸில் அது உயிரில்லாத கோப்பாகக் கிடக்கும், கண்ணால் கண்டு அழித்துவிடலாம். அழிக்காமல் அடுத்த வீட்டு வின்டோஸில் செருகினால் மட்டும் அது வேலையைக் காட்டும்.

இப்போது மின்றா டெபியனா என்ற கேள்வி, இதுதான் எனக்கே இழுபறியாக இருக்கிறது. டேட்டா குறைவு, நிதானம், இரண்டிலும் டெபியன் மேல். முன்பு வைஃபை சிப்புக்கு வேண்டிய ஃபேர்ம்வெயர் என்ற சிறு மென்பொருளைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது, 2023 இல் வந்த 12 இல் இருந்து அதையும் நிறுவியோடு சேர்த்துத் தருகிறார்கள். ஆனால் புதியவருக்கு டெபியன் சின்னச் சின்ன இடங்களில் தடுக்கும். நிறுவும்போது ரூற் என்ற நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் கேட்கும். அங்கே ஏதாவது கொடுத்தால் உங்கள் சொந்தக் கணக்கில் சுடோ என்ற நிர்வாகக் கட்டளை வேலை செய்யாது, வெறுமையாக விட்டால்தான் செய்யும். இது தெரியாமல் எத்தனை பேர் முதல் நாளே கைவிட்டிருப்பார்கள். மின்றில் இயக்கி மேலாளர் என்ற ஒரு சாளரம் இருக்கிறது, புரொட்கொம் வைஃபை மாதிரிப் பிடிவாதமான சிப்புக்கு எந்த இயக்கி வேண்டும் என்று அதுவே காட்டும். அதை இறக்க இணையம் வேண்டுமே, வைஃபைதானே இல்லை என்று கேட்டால், ஃபோனை யுஎஸ்பி வயரில் செருகி ரெதரிங் போடுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும்.

மின்றோடு வருகிற ரைம்ஷிஃப்ற் இன்னொரு காரணம். புதுப்பிப்புக்கு முதல் ஒரு நிலையைச் சேமித்து வைத்தால், ஏதாவது குழம்பினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பற்றரி செத்த பழைய லப்டொப்பில் புதுப்பிப்பு நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று 2022 மின்வெட்டுக் காலத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது சேமிப்பது கணினியின் அமைப்பை மட்டும். பிள்ளையின் பிறந்தநாள் படங்களையும் பாடக் குறிப்புகளையும் அது இயல்பாகத் தொடாது, அவற்றை வெளித் தட்டில் தனியாக வைக்க வேண்டும். டெபியனிலும் ரைம்ஷிஃப்றைப் போடலாம், நீங்களாக நினைவு வைத்துப் போட வேண்டும்.

ஏ லெவலில் ஐசிரி படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் நாலில் எதுவும் பழுதில்லை. பைதன், பிஎச்பி, மைஎஸ்கியூஎல் எல்லாம் லினக்ஸில் சொந்த வீடு மாதிரி ஓடும். சூம் வகுப்புக்கும் டெப் பொதி இருக்கிறது. ரியூசன் ஆசிரியர் வேர்ட் கோப்பு அனுப்பினால் லிப்ரே ஒஃபிஸில் திறக்கும், அட்டவணைகள் கொஞ்சம் இடம் மாறி நிற்கும்.

வின்டோஸை விடக்கூடாத ஆட்களும் இருக்கிறார்கள். கலியாண அழைப்பிதழும் நினைவு மலரும் அடிக்கிற அச்சகத்தில் பேஜ்மேக்கர், ஃபொட்டோஷொப் கோப்புகள் வருடக்கணக்கில் சேர்ந்து கிடக்கும். இங்க்ஸ்கேப், ஸ்கிறைபஸ் நல்ல மென்பொருள்கள்தான், அந்தப் பழைய கோப்புகளை அப்படியே திறந்து தரமாட்டா. கடைக் கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களும் அதை விற்றவரிடம் முதலில் கேளுங்கள். இரண்டையும் ஒரே லப்டொப்பில் வைக்க விரும்பினால், வின்டோஸில் வேகத் தொடக்கம் என்ற வசதியை முதலில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வின்டோஸ் இருக்கிற தட்டுப் பகுதியை லினக்ஸ் வாசிக்க விடும், எழுத விடாது. வின்டோஸின் தட்டு மறையாக்கமான பிற்லொக்கர் போட்டிருந்தால் அதன் மீட்பு இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிட்டுத்தான் தட்டைப் பிரிக்கத் தொடங்குங்கள்.