விமானத் தாமத இழப்பீடு: தூரத்தைக் குறைத்துக் காட்டி ஏமாற்றுகிறார்கள்

ஐரோப்பாவுக்குள் விமானம் தாமதமாகி இழப்பீடு கேட்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வியன்னா வழியாக ஏதென்ஸ் போனேன். இரண்டு விமானமும் ஒரே புக்கிங். முதல் விமானம் தாமதமானதால் வியன்னாவில் அடுத்ததைப் பிடிக்க முடியவில்லை. மாலை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஏதென்ஸ் போய்ச் சேர ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதம்.

வியன்னாவில் உட்கார்ந்திருந்தபோதே, ‘உடனடி இழப்பீடு’ என்று விளம்பரம் செய்யும் ஒரு இடைத்தரகர் தளம் கண்ணில் பட்டது. டிக்கெட்டை ஏற்றியதும் திரையில் இப்படி வந்தது: “வியன்னா – ஏதென்ஸ், 1,280 கி.மீ., குறுகிய தூரம், இழப்பீடு 250 யூரோ.” அதற்குக் கீழே, உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் 150 யூரோ உடனே தருவதாக ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினேன், பணமும் வந்துவிட்டது.

பிறகு சாப்பாட்டு ரசீதை அனுப்பி விமான நிறுவனத்திடம் செலவைக் கேட்டேன். அந்தப் பதிலில்தான் விஷயம் தெரிந்தது: “இழப்பீட்டுத் தொகை 400 யூரோவை உங்கள் பிரதிநிதிக்கு ஏற்கெனவே செலுத்திவிட்டோம்.”

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி 1,500 கி.மீ. வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள் அதற்கு மேல் போனால் 400. தூரத்தை, புறப்பட்ட ஊரிலிருந்து கடைசியாகப் போய்ச் சேரும் ஊர் வரை நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். நடுவில் எங்கே மாறினோம் என்பது கணக்கில் வராது. ஃபிராங்க்ஃபர்ட் – ஏதென்ஸ் சுமார் 1,800 கி.மீ. 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர்களின் வழக்கு அது. இரண்டு துண்டையும் கூட்டினால் 1,656 கி.மீ., நேராக 1,326. நேர்த்தூரம்தான் செல்லும் என்றது தீர்ப்பு. அவர்களுக்குத் தொகையைக் குறைத்த அதே விதி எனக்குக் கூட்டிக் கொடுக்கிறது.

இது அந்தத் தளத்துக்குத் தெரியாததல்ல. விமான நிறுவனத்திடம் ஃபிராங்க்ஃபர்ட் – ஏதென்ஸ் தூரத்தைக் காட்டி 400 வாங்கியவர்கள், என்னிடம் மட்டும் வியன்னாவிலிருந்து அளந்திருக்கிறார்கள். இது கட்டணம் அல்ல, மோசடி.

நேரத்திலும் கவனமாக இருங்கள். இழப்பீடு கிடைக்கத் தேவையான மூன்று மணி நேரத் தாமதத்தை, சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. கதவு திறக்கும் நேரம்தான் கணக்கு. 2014-இல் தீர்ப்பான சால்ஸ்பர்க் – கொலோன் வழக்கில் விமானம் 2 மணி 58 நிமிடம் தாமதமாகத் தரையிறங்கியது, நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம் ஆகிவிட்டது. கதவு திறக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இழப்பீட்டை விமான நிறுவனத்தின் தளத்திலேயே நாமே கேட்கலாம், காசு செலவில்லை. பணத்துக்குப் பதில் வவுச்சர் தந்தால், நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ளாதவரை அது செல்லாது. ஆனால் இரண்டு விமானத்தையும் தனித்தனியாக புக் செய்திருந்தால் இந்த நேர்த்தூரக் கணக்கு கிடைக்காது. மலிவு டிக்கெட் தளங்கள் பல அப்படித்தான் விற்கின்றன.

அந்தத் தளத்தின் திரை நகல்களையும் விமான நிறுவனத்தின் கடிதத்தையும் சேர்த்து ஜெர்மனியில் நுகர்வோர் ஆலோசனை மையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இதேபோல் ஒரு துண்டுத் தூரத்தை மட்டும் காட்டி உங்களிடமும் வாங்கியிருந்தால், அந்தத் திரையின் நகலை அழிக்காமல் நீங்களும் புகார் கொடுங்கள்.