அம்மாவைப் பார்க்க ஆள் வைத்து 2 வருடம்

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். பாரிசவாதம் வந்து அம்மாவுக்கு இடப்பக்கம் விழுந்து 4 வருடமாகிறது. முதல் 2 வருடம் நானே பார்த்தேன். படுக்கைப் புண் வராமலிருக்க இரவிலும் 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பித் திருப்பிப் படுக்கவைப்பேன். ஒரு நாள் கஞ்சி பருக்கும்போது அம்மாவில் எரிந்து விழுந்துவிட்டேன். அன்றுதான் ஆள் தேடத் தொடங்கினேன்.

முதலில் ஒரு முகவர் மூலம். சான்றிதழைப் பார்த்தேன், சம்பளம் பேசினேன், அவ்வளவுதான். கிழமைக்கு ஒரு புது முகம். மூன்றாவதாக வந்த பிள்ளை அம்மாவை எழுப்ப அந்த இடக்கையையே பிடித்து இழுத்தா. தசை தளர்ந்த தோளை அப்படி இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். ஒரு மாதம் அம்மா நோவில் அழுதா. அந்தப் பிள்ளைக்கு நானும் சொல்லிக் கொடுக்கவில்லை, அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

இப்போது வருபவர் சாம்பல்தீவு அக்கா. அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் கடிதம் எல்லாம் வாங்கினேன்தான். ஆனால் முடிவெடுத்தது அதை வைத்து இல்லை. சம்பளம் கொடுத்து இரண்டு அரைநாள் வரச்சொல்லி, பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கம் பலம்?" சக்கர நாற்காலியை வலப்பக்கம் கொண்டுவந்து பிரேக்கைப் போட்டா. "அம்மா, இப்ப எழும்பப் போறம், சரியே?" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டா. சாப்பாடு முடிந்ததும் இடக்கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்த்து, அரை மணித்தியாலம் நிமிர்த்தியே இருத்தி வைத்தா. ஆள் எடுப்பவர்கள் எழுப்புவதையும் பருக்குவதையும் ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் 4 மணித்தியாலம். மருந்து நேரம், என் நம்பர், அம்புலன்ஸுக்கு 1990 எல்லாம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். வீட்டுச் சமையல் அவவின் வேலை இல்லை என்று முதல் நாளே பேசிக்கொண்டோம்.

குறை ஒன்று உண்டு. மாரி மழைக்குப் பஸ் ஓடாத நாளில் அக்கா வரமாட்டா. அதற்காகச் சித்தியின் மகளுக்கும் எல்லாம் பழக்கி வைத்திருக்கிறேன்.

கிடைத்த நேரத்தில் முதல் மாதம் வீடு கழுவினேன், சந்தைக்கு ஓடினேன். அப்புறம்தான் கோணேசர் கோயிலுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப் பழகினேன். சில வெள்ளிகளில் நித்திரை மட்டும்தான்.

இந்த மாதத்திலிருந்து சனி இரவும் தங்க முடியுமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். அதற்கு முன் அம்மாவிடம் கேட்டேன், தலையாட்டினா.