சிமுலேஷன் மாடலில் சொந்த மெட்டாடேட்டா: பல சீசன் பார்த்த பிறகு சொல்கிறேன்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் யூனிட்டுக்கு பிபிஎம்என் படம் (எந்த வேலைக்குப் பின் எது என்று பெட்டியும் அம்புமாகக் காட்டும் படம்) வரைந்து, சிமுலேஷன் ஓட்டி, அதாவது அந்த வேலைகளைக் கணினியிலேயே நடத்திப் பார்த்துத் தருவது என் வேலை. வரைவது கமுண்டா மாடலரில், ஓட்டுவது எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான பிம்ப்பில். ஒவ்வொரு வேலைக்கும் நேரம், ஆள், செலவு கொடுத்தால் எங்கே தேங்குகிறது என்று அது காட்டிவிடும். அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் மாடலிடம் பதில் கிடையாது.

சாயம் ஏற்றிய தோலைத் தொங்கவிட்டு உலர்த்தும் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன மாடலில் அதற்கு ஒரு சராசரி நேரம் இருந்தது, எந்த மாதம் அளந்தது, அளந்ததுதானா என்று யாருக்கும் தெரியவில்லை. ஷிஃப்ட் மேற்பார்வையாளர் பார்த்ததும் சிரித்தார்: "இன்னா தம்பி, இது கத்திரி வெயில் கணக்கு. ஐப்பசி மழையில எங்க காயும்?"

அதற்காகத்தான் ஒவ்வொரு வேலையின் எண்ணோடும் மெட்டாடேட்டாவாக, அதாவது அந்த எண்ணைப் பற்றிய தகவலாக, நான் நான்கே புலங்கள் வைத்திருக்கிறேன்: எண்ணின் மூலம் (அளந்தது, கேட்டது, ஊகம்), அளந்த மாதம், சொன்னவர் என்ன பொறுப்பில் இருப்பவர், மறுபடி பார்க்க வேண்டிய மாதம். இன்னும் சேர்க்கச் சொல்லி ஆபீஸில் ஆசைப்பட்டார்கள், நிரப்ப ஆள் யார் என்று கேட்டதும் அடங்கிவிட்டார்கள்.

இதற்கு நிரல் எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கமுண்டாவில் எலிமென்ட் டெம்ப்ளேட் என்று, பெட்டிக்கு என்னென்ன புலங்கள் வேண்டும் என்று சொல்லும் ஒரு ஜேசன் கோப்பு (எழுத்தாக எழுதும் தரவுக் கோப்பு) போட்டால் மூலத்துக்கு டிராப்டவுனே வந்துவிடும், அதனால் ஒருவர் 'ஊகம்' என்றும் இன்னொருவர் 'உத்தேசம்' என்றும் தட்டுகிற தொல்லை இல்லை. படம் சேமிக்கப்படுவது எக்ஸ்எம்எல் என்ற குறிச்சொல் கோப்பாக; மதிப்புகள் அதில் எக்ஸ்டென்ஷன்எலிமென்ட்ஸ் என்ற பகுதிக்குள் போய் உட்காரும். சிலர் இதையெல்லாம் படத்தின் ஓரத்தில் குறிப்பாக எழுதுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 'ஊகம்' என்று இருக்கிற வேலைகளை மட்டும் ஒரு ஸ்கிரிப்ட் பொறுக்கி எடுக்க வேண்டுமானால் அந்தக் குறிப்பு உதவாது. எனக்கு அதிகம் பயன்பட்டதே அந்தப் பட்டியல்தான். தேக்கம் என்று சிமுலேஷன் காட்டுகிற இடம் அதில் இருந்தால், புது மிஷின் வாங்கும் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் போய் அளந்து வரச் சொல்லுவேன்.

தொல்லைகளும் உண்டு. பிபிஎம்என் 2.0 தரத்தில் ஒரு நீட்டிப்பை (இப்படி நாமே கூடுதலாகச் சேர்ப்பதை) மென்பொருள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும் என்று குறிக்க வழி இருக்கிறது, ஆனால் இயல்பு மதிப்பு 'தேவையில்லை' என்பதுதான். அதனால் தெரியாத புலத்தைக் கண்டுகொள்ளாத மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. கண்டுகொள்ளாமல் விடுவது வேறு, சேமிக்கும்போது துடைத்துப் போடுவது வேறு. ஒரு மென்பொருள் இரண்டாவதைச் செய்தது, பெயர் வேண்டாம். புதுக் கருவி எதுவானாலும் முதலில் ஒரு நகலைத் திறந்து, சேமித்து, இரண்டு கோப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் எக்ஸ்எம்எல்லைக் கையாளும் பைத்தான் நூலகமான எலிமென்ட்ட்ரீயில் நேம்ஸ்பேஸை (குறிச்சொல் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்ற அடையாளத்தை) பதிவு செய்யாமல் எழுதினால் குறிச்சொற்களின் முன்னொட்டெல்லாம் என்எஸ்0, என்எஸ்1 என்று மாறிவிடும். எக்ஸ்எம்எல் விதிப்படி அது சரிதான், ஆனால் முன்னொட்டை மட்டும் பார்க்கிற கருவிகள் தடுமாறும். நான் முன்னொட்டை அப்படியே வைத்திருக்கும் எல்எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு பைத்தான் நூலகத்துக்கு மாறிக்கொண்டேன்.

ஒரே தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு மூடிவைக்கிற மாடலுக்கு இந்த மெனக்கெடல் வேண்டாம். எனக்கு இன்னும் தீராத குறை, ஆட்களும் ஷிஃப்ட் நேரங்களும் தனித்தனி வேலைப் பெட்டிகளில் இல்லாமல் சிமுலேஷன் தகவல் என்று மொத்தமாக ஒரே இடத்தில் கிடப்பது. என் டெம்ப்ளேட் அங்கே எட்டாது, அதனால் அவற்றின் மூலத்தை மட்டும் இப்போதைக்குத் தனி எக்ஸெல் தாளில் வைத்திருக்கிறேன்.