குழாயோடு வடக்கே மூன்று நாள்: டால்டன் நெடுஞ்சாலை வேன் பயணம்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து ஆர்க்டிக் கடற்கரையை ஒட்டிய டெட்ஹார்ஸ் வரை வழிகாட்டியுடன் வேனில் அழைத்துச் சென்று, திரும்பும்போது விமானத்தில் ஏற்றிவிடும் மூன்று நாள் பயணத்தை ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மேற்கொண்டேன். இத்தகைய பயணங்களை அந்நகரில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் நடத்துகின்றன. சாலை ஒன்றே என்பதால் வழியும் நிறுத்தங்களும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே நான் சென்ற நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டுப் பயணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வனவிலங்குகளுக்கென ஒதுக்கப்பட்ட புகலிட நிலத்தில் எண்ணெய்க் குழாய் போடலாமா என்ற விவாதம் அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீரவில்லை. அதில் இரு தரப்பாரும் சான்றாகக் காட்டுவது இந்தச் சாலையோரம் ஓடும் டிரான்ஸ்-அலாஸ்கா எண்ணெய்க் குழாயைத்தான். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பதே நான் பணம் கட்டியதன் காரணம்.

வசதிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் அமரும் வேன். இரண்டு மாற்றுச் சக்கரங்கள், செயற்கைக்கோள் தொலைபேசி, முதலுதவிப் பெட்டி எல்லாம் இருந்தன. 666 கி.மீ. நீளமுள்ள டால்டன் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி சரளைக்கல் சாலை. வழியில் உள்ள கோல்ட்ஃபுட் என்ற சிறு தங்குமிடத்தைத் தாண்டினால் டெட்ஹார்ஸ் வரை சுமார் 385 கி.மீ. தூரத்துக்குப் பெட்ரோல் நிலையமோ உணவகமோ கிடையாது என்பதால் இவை ஆடம்பரம் அல்ல. எதிரே சரக்கு லாரி வரும்போதெல்லாம் எங்கள் வழிகாட்டி வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்கினார். நின்ற இடத்திலெல்லாம் கண்ணாடிகளில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தார். ஓட்டுநராக அவரிடம் எந்தக் குறையும் காண முடியாது. சைவ உணவு கேட்டிருந்த எனக்கு இரண்டு நாளும் ஒரே மாதிரி சாண்ட்விச் கிடைத்தது. அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

குழாயின் பொறியியலை விளக்குவதில் இந்தப் பயணத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே ஃபாக்ஸ் அருகில், குழாயின் அடியிலேயே நின்று பார்க்கும் இடத்தில், வழிகாட்டி ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். டெட்ஹார்ஸை ஒட்டிய எண்ணெய் வயலான புரூடோ பேயிலிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை சுமார் 1,290 கி.மீ. நீளமும் 48 அங்குல விட்டமும் கொண்ட இந்தக் குழாயில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 675 கி.மீ., தரைக்கு மேலே தூண்களின் மீது செல்கிறது. காரணம், கீழே இருப்பது ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண். சூடான எண்ணெய் ஓடும் குழாயை அதில் புதைத்தால் மண் உருகிக் குழையும். குழாய் அமிழ்ந்து உடையும். எனவே 78,000 தூண்களை நட்டு அதைத் தூக்கி நிறுத்தினார்கள். தூண் வழியாக இறங்கும் வெப்பம்கூட மண்ணை இளக்கிவிடக் கூடாது என்பதற்காகப் பல தூண்களுக்குள் அம்மோனியா அடைத்த குழல்களைச் செருகியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மண்ணுக்குள் மிஞ்சியிருக்கும் சிறு சூட்டை வாங்கிக்கொண்டு அம்மோனியா ஆவியாகி மேலே எழுகிறது; உச்சியில் விசிறி மடிப்புகள்போல் இருக்கும் உலோகத் தகடுகளில் குளிர்ந்து, திரவமாகி மறுபடி கீழே வழிகிறது. மோட்டாரோ மின்சாரமோ இல்லாமல் மண் தன் குளிரைக் காத்துக்கொள்கிறது. குழாய் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போவதும் திட்டமிட்டதே: வெப்பத்தில் நீளவும் நிலநடுக்கத்தில் அசையவும் அது இடம் தருகிறது. 2002 நவம்பரில் டெனாலி பிளவில் 7.9 அளவு நிலநடுக்கம் வந்தபோது, பிளவைக் கடக்கும் பகுதியில் குழாய் தன் தாங்கிகளின் மேல் வழுக்கி நகர்ந்ததே தவிர, எண்ணெய் சிந்தவில்லை.

இதைச் செய்தவர்களின் திறமையை மறுப்பவர் இந்த விவாதத்தில் நேர்மையாகப் பேச முடியாது என்று நினைக்கிறேன். ஆனால் அதே வழிகாட்டி, லிவன்குட் அருகே போகும்போது, 2001 அக்டோபரில் ஒருவர் துப்பாக்கியால் சுட்ட ஒரே குண்டு குழாயைத் துளைத்து, அடைப்பதற்குள் ஏறத்தாழ 6,800 பீப்பாய் எண்ணெய் காட்டில் பீய்ச்சியடித்ததையும் சொன்னார். நிலநடுக்கத்தைத் தாங்கிய குழாய் ஒரு தோட்டாவைத் தாங்கவில்லை. இரண்டையும் ஒரே குரலில் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன்.

முதல் நாள் இரவு கோல்ட்ஃபுட்டில் தங்கல். அங்கே நில மேலாண்மைத் துறை, தேசியப் பூங்காத் துறை, மீன்-வனவிலங்குத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து கோடைகாலத்தில் நடத்தும் ஆர்க்டிக் பார்வையாளர் மையம் இருக்கிறது. பயண நிரலில் அதற்கு அரை மணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள். நான் இரவுணவை முடித்துக்கொண்டு மறுபடியும் போய்ப் பணியாளர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் தந்த வரைபடத்தை மேசையில் விரித்துவைத்துப் பார்த்தபோதுதான் நான் தேடி வந்தது கண்ணில் பட்டது. சாலைக்கு மேற்கே கனூட்டி வனவிலங்குப் புகலிடமும் ஆர்க்டிக் வாயில் தேசியப் பூங்காவும். கிழக்கே யூக்கான் பிளாட்ஸ் புகலிடமும், அதற்கும் வடக்கே ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடமும். இவற்றுக்கு நடுவே குழாயும் சாலையும் செல்ல ஒரு நீண்ட பட்டை மட்டும் எந்தப் புகலிடத்திலும் சேராமல் விடப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டையை 1971-லேயே அரசு ஒதுக்கிவிட்டது. கனூட்டியும் யூக்கான் பிளாட்ஸும் உருவானதும், ஆர்க்டிக் புகலிடம் சுமார் 1.8 கோடி ஏக்கராக விரிந்ததும் 1980 டிசம்பரில் வந்த அலாஸ்கா நிலச் சட்டத்தில். குழாய்க்கு இடம் விட்ட பிறகே புகலிட எல்லைகளைக் கோடு போட்டார்கள். ஆகவே 'இந்தக் குழாய் புகலிடத்தின் குறுக்கே போகவில்லை' என்பது சட்டப்படி உண்மை. 'புகலிடத்துக்கு அருகில் குழாய் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை' என்று அதை வைத்து வாதாடுபவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பட்டை எளிதில் கிடைத்ததும் அல்ல. 1970-ல் வைல்டர்னஸ் சொசைட்டி, ஃபிரண்ட்ஸ் ஆஃப் தி எர்த் உள்ளிட்ட அமைப்புகள் நீதிமன்றம் சென்று தடை வாங்கின. 1920-ஆம் ஆண்டின் கனிமக் குத்தகைச் சட்டம் அரசு நிலத்தில் குழாய்க்கு அதன் அகலத்தோடு இருபுறமும் 25 அடி மட்டுமே அனுமதித்தது. இவ்வளவு பெரிய குழாயைக் கட்ட அது போதாது. 1973 தொடக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த அடிக்கணக்கைக் காட்டியே திட்டத்தை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் செனட்டில், சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் இனி வழக்குத் தொடர முடியாதபடி செய்யும் திருத்தத்துக்கு 49-க்கு 49 என்று வாக்குகள் சமமாக விழ, துணைக் குடியரசுத் தலைவர் ஸ்பைரோ ஆக்னியூ தன் வாக்கால் அதை நிறைவேற்றினார். நவம்பரில் குடியரசுத் தலைவர் நிக்சன் குழாய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1977 ஜூனில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. ஒரே ஒரு வாக்கு. எங்கள் வழிகாட்டி இதில் ஒரு வரியும் சொல்லவில்லை என்பது எனக்கு ஏமாற்றமே.

இரண்டாம் நாள் ஆட்டிகன் கணவாயில் ஏறி, புரூக்ஸ் மலைத்தொடரைக் கடந்து, மரமே இல்லாத தூந்திரத்தில் இறங்கினோம். ஆகஸ்ட் இறுதியில் அந்த நிலம் செங்காவி நிறத்தில் பற்றி எரிவதுபோல் இருக்கிறது. கோடையின் கொசுக்களும் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகின்றன. இதற்காகவே இந்த வாரத்தைப் பரிந்துரைப்பேன். கணவாய்க்கு வடக்கே, கால்பிரைத் ஏரிக்கு முன்பாக, கிழக்குப் புறம் ஆட்டிகன் பள்ளத்தாக்கு திறக்கிறது. அதுவே ஆர்க்டிக் புகலிடத்தின் வாசல். சாலையிலிருந்து நடந்தே உள்ளே போய்விடலாம். இத்தனை தூரம் வந்தது இதற்காகத்தான் என்று நான் நினைத்திருந்த அந்த இடத்தில் வேன் பத்து நிமிடம் நின்றது. கேட்டதற்கு, டெட்ஹார்ஸில் மறுநாள் காலை எண்ணெய் வயல் பேருந்தைப் பிடிக்க வேண்டும், இரவு நேரத்தோடு சேர வேண்டும் என்றார்கள். இந்தப் பயணத்தின் பெரிய குறை இதுதான். எண்ணெய் வயலுக்கு ஒரு காலைப் பொழுதும், புகலிடத்துக்குப் பத்து நிமிடமும் என்பது நேரப் பங்கீடு மட்டும் அல்ல. எது பார்க்கத்தக்கது என்ற தீர்ப்பும் ஆகும்.

அந்தப் பத்து நிமிடத்திலும் சாலையோரத்தில் வேட்டைக்காரர்களின் கூடாரங்களையும் வண்டிகளையும் பார்த்தேன். எல்லோரும் வில் வைத்திருந்தார்கள். யூக்கான் ஆற்றுக்கு வடக்கே சாலையின் இருபுறமும் ஐந்து மைல் தூரத்துக்குத் துப்பாக்கியால் வேட்டையாடத் தடை. வில்லுக்கு மட்டும் அனுமதி. ஏன் இப்படி ஒரு விதி? 1974-ல் குழாய் கட்டுவதற்காக யூக்கான் ஆற்றிலிருந்து புரூடோ பே வரை சுமார் 580 கி.மீ. சாலையை 154 நாளில் போட்டார்கள். 1994-ல் அது முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன் சிறு விமானத்தில்தான் வர முடிந்த இடத்துக்கு இப்போது யார் வேண்டுமானாலும் வண்டியில் வரலாம். நானும் அப்படி வந்தவன்தான். குழாய் போடுவது என்றால் குழாய் மட்டும் போடுவது அல்ல. சரளை வெட்டிய குழிகள், தொழிலாளர் முகாம்கள், ஓடுதளங்கள், இறைப்பு நிலையங்கள், ஒரு சாலை என்று அனைத்தும் சேர்ந்தே வருகின்றன. இவற்றில் கடைசியாக எடுக்கப்படுவதும், பெரும்பாலும் எடுக்கப்படாமலே போவதும் சாலைதான். புகலிடத்தின் குறுக்கே குழாய் வேண்டும் என்று கேட்பவர்களிடம் தூணின் உயரத்தைக் கேட்பதைவிடச் சாலையைப் பற்றிக் கேட்பதே சரி என்று அங்கே நின்றபோது எனக்குத் தெளிந்தது.

காரிபூ மான்களைப் பற்றி வழிகாட்டி சொன்னதைத் திருத்தியே எழுத வேண்டியிருக்கிறது. 'குழாய் வந்த பிறகு மான்கள் பெருகின' என்றார். குழாயை ஒட்டி வாழும் மத்திய ஆர்க்டிக் மந்தை 1970-களின் பிற்பகுதியில் சுமார் 5,000. 2010 வாக்கில் 68,000-க்கு மேல். அதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் 2016-ல் அது சுமார் 22,000-ஆக இறங்கியதை அவர் சொல்லவில்லை. காலநிலை, உணவு, நோய், ஓநாய் என்று எத்தனையோ காரணங்களால் மந்தைகள் ஏறி இறங்கும். ஏற்றத்துக்குக் குழாய்க்கு நன்றி சொல்வதும், இறக்கத்துக்குக் குழாயைத் திட்டுவதும் இரண்டுமே பிழை. ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கண்டு எழுதியிருப்பது வேறு: கன்று ஈன்ற புதிதில் தாய் மான்கள் சாலைகளையும் எண்ணெய்க் கட்டுமானங்களையும் விட்டுச் சில கிலோமீட்டர் விலகிப் போகின்றன. மத்திய ஆர்க்டிக் மந்தைக்கு விலகிச் செல்ல அகன்ற சமவெளி இருக்கிறது. கிழக்கே ஆர்க்டிக் புகலிடத்தின் கடலோரச் சமவெளியோ மலைக்கும் கடலுக்கும் இடையே குறுகியது. 2017 கணக்கின்படி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் கொண்ட பார்க்குபைன் என்ற மந்தை கன்று ஈனுவது பெரும்பாலும் அங்கேதான்.

அந்தச் சமவெளியின் குறுக்கே குழாய் போட உண்மையிலேயே முயன்றார்கள். 1974-ல் ஆர்க்டிக் கேஸ் என்ற கூட்டு நிறுவனம், புரூடோ பேயின் எரிவாயுவை பின்னாளில் ஆர்க்டிக் புகலிடமாக விரிந்த வனவிலங்கு நிலத்தின் கடலோரமாகக் கனடாவுக்குக் கொண்டுபோய், மெக்கன்சி பள்ளத்தாக்கு வழியே தெற்கே அனுப்பத் திட்டமிட்டது. கனடாவில் நீதிபதி தாமஸ் பெர்ஜர் விசாரணை நடத்தினார். டெனே, இனூயிட் பழங்குடி மக்களின் ஊர் ஊராகச் சென்று அவர்கள் சொல்வதைக் கேட்டார். 1977-ல் வந்த அவரது அறிக்கை, வடக்கு யூக்கானின் குறுக்கே குழாயே கூடாது, மெக்கன்சியில் பத்து ஆண்டு பொறுக்க வேண்டும் என்றது. திட்டம் கைவிடப்பட்டது. இன்று அந்தக் கரையில் எந்தக் குழாயும் இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். டால்டன் சாலையில் கட்டப்பட்ட குழாயின் கதையோடு, அதே ஆண்டில் கட்டப்படாமல் நின்ற இந்தக் குழாயின் கதையையும் சேர்த்துச் சொல்லும் பயண நிறுவனம் எதுவாயினும், அதற்கு இருமடங்கு கட்டணம் கொடுக்கவும் தயங்க மாட்டேன்.

மூன்றாம் நாள் டெட்ஹார்ஸ். தங்குமிடம் தொழிலாளர் முகாம், சுத்தமானது, அமைதியானது. சொந்த வண்டியில் கடலை அடைய முடியாது. முன்கூட்டியே அடையாள விவரங்களைக் கொடுத்துப் பதிவு செய்தவர்களை மட்டும் எண்ணெய் வயலின் ஊடே பேருந்தில் அழைத்துச் செல்கிறார்கள். 1988-ல் நாளொன்றுக்கு இருபது லட்சம் பீப்பாய் ஓடிய குழாயில் இப்போது ஐந்து லட்சத்துக்கும் குறைவாகவே ஓடுகிறது என்றும், எண்ணெய் மெதுவாக நகர்ந்து வழியில் குளிர்ந்துவிடுவது ஒரு சிக்கல் என்றும் அங்கே கேட்டேன். புகலிடத்தின் சமவெளியைத் திறக்கச் சொல்பவர்களின் அவசரத்துக்கு இந்தக் குறைவும் ஒரு காரணம். 2017-ல் சட்டம் அதைக் குத்தகைக்குத் திறந்தது. புகலிடத்துக்குள்ளேயே இருக்கும் காக்டோவிக் ஊரின் இனூபியாட் மக்களில் பலர் அதை வரவேற்கிறார்கள். தெற்கே ஆர்க்டிக் வில்லேஜில் மானை நம்பி வாழும் குவிச்சின் மக்கள் எதிர்க்கிறார்கள். நான் குவிச்சின் மக்களின் பக்கம். ஆயினும் பள்ளியும் மருத்துவ நிலையமும் எண்ணெய் வரியில் நடக்கும் ஊர்க்காரர்களின் பேச்சைக் கேளாமல் யாரும் இங்கே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். குழாயைப் பார்க்க விரும்புபவர்கள் தயங்காமல் போகலாம். புகலிடத்தைப் பார்க்க விரும்புபவர்கள், பணம் கட்டும் முன்பே ஆட்டிகன் பள்ளத்தாக்கில் குறைந்தது இரண்டு மணி நேரம் நிறுத்துவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோல்ட்ஃபுட் மையத்துக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். டெட்ஹார்ஸிலிருந்து திரும்பும் விமானத்தில் இடப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேளுங்கள். வானம் தெளிந்திருந்தால் கிழக்கே புகலிடத்தின் மலைகள் தெரியும்.