ஜோவின் வண்டியில் சவாரி இல்லை

பாட்டுக்கு விமர்சனம் எழுதுகிற ஆள் இல்லை நான். புதுச்சேரியில் டாக்சி ஓட்டுகிறேன். பாதிக்குப் பாதி சென்னை ஏர்போர்ட் சவாரி. ஆனால் டாக்சிக்காரனைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது என்றால், அதைப் பற்றிச் சொல்ல எனக்கும் நாலு வார்த்தை இருக்காதா?

பாட்டின் பேர் 'ஜோ லெ டாக்சி'. பிரெஞ்சுப் பாட்டு. பாடியவர் வனெஸா பராடி. 1987-இல் தனிப்பாட்டாக வந்தது. அடுத்த வருஷம் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'எம் அண்ட் ஜே'யிலும் இதைச் சேர்த்தார்கள். எழுதியவர் எத்தியென் ரோடா-ஜில், இசை ஃபிராங்க் லாங்கோல்ஃப். பாட்டு வெளிவந்தபோது பாடிய பெண்ணுக்கு வயது 14. நம் ஊர்க் கணக்குக்கு, கார் லைசென்ஸ் எடுக்கவே இன்னும் நாலு வருஷம் இருக்கிறது!

எனக்கு இது வந்து சேர்ந்தது போன ஜூலை மாதம். ஜூலை, ஆகஸ்ட் என்றால் எங்களுக்கு சீசன். பிரான்சில் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் எல்லாம் லீவுக்கு ஊர் திரும்பும் நேரம். அன்று ஏற்றியது ஒரு மதாம். சொல்தா வீட்டுப் பெண். சொல்தா தெரியாத வெளியூர்க்காரர்களுக்கு: பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். மகாபலிபுரம் தாண்டியதும், "அண்ணே, வண்டியில புளூடூத் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மரக்காணம் வரைக்கும் அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டார்.

"அப்ப எனக்கும் பதினாலு வயசுண்ணே. இங்கேருந்து போய் ரெண்டு வருஷம்தான் ஆச்சு. பிரெஞ்சு சரியா வராது. முழுசா மனப்பாடம் ஆன முதல் பாட்டு இதுதான்."

அவருக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. பிரான்சில் 11 வாரம் இது முதலிடத்தில் இருந்திருக்கிறது. இங்கிலாந்திலேயே 3-ஆம் இடம் வரை வந்தது. பிரெஞ்சு புரிந்தா அவ்வளவு பேர் வாங்கியிருப்பார்கள்? நான் மட்டும் புரிந்தா கேட்டேன்.

உப்பளம் தெரிய ஆரம்பித்தபோது வரி வரியாக அர்த்தம் சொன்னார். ஜோவுக்கு பாரீசின் எல்லாத் தெருவும் மனப்பாடம். சின்னச் சின்ன பார், இருட்டு மூலை, ஸேன் ஆறு, மினுங்குகிற பாலங்கள், எல்லாம் அத்துப்படி. இது சரியான இடம். தெரு தெரிவதுதான் டாக்சிக்காரனின் படிப்பு. எங்கள் ஊரில் வாய்க்காலுக்குக் கிழக்கே தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. கோடு போட்ட மாதிரி நேர்த் தெருக்கள், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். போர்டில் பிரெஞ்சில் ஒன்று, தமிழில் ஒன்று, வாயில் வேறொன்று, அவ்வளவுதான் சிக்கல். முத்தியால்பேட்டைப் பக்கம் போனால்தான் வேலை தெரியும். எந்தச் சந்தில் பந்தல் போட்டு அடைத்திருப்பார்கள், எந்த முனையில் ஒரு மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும், எங்கே உள்ளே போனால் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும், இதெல்லாம் மேப்பில் வராது. பாட்டு இந்த அளவுக்கு உள்ளே போகவில்லை. டிராஃபிக் ஜாமைக்கூட ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் ராஜீவ் காந்தி சிலைகிட்ட ஒரு தடவை மாட்டியிருந்தால் அதற்கே தனியாக ஒரு சரணம் எழுதியிருப்பார்கள்.

வண்டிக்குள் ஜோ கேட்பது ரும்பா, மாம்போ. ஸாவியே குகா, இமா சுமாக் என்று ரெண்டு பேரைப் பாட்டிலேயே பேர் சொல்கிறார்கள். முதல் ஆள் ஸ்பெயினில் பிறந்து கியூபாவில் வளர்ந்து ரும்பாவை அமெரிக்காவெங்கும் பரப்பிய பேண்ட் மாஸ்டர். ரெண்டாவது பெரு நாட்டுப் பாடகி. நாலு ஸ்தாயிக்கு மேல் போகிற குரல். இந்த இடத்தில்தான் ஜோ எனக்குச் சொந்தக்காரன் ஆனான். ஏறுகிறவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கட்டும், டிரைவருக்கு என்று ஒரு பாட்டு பழைய கேசட்டாக உள்ளே இருக்கும். எனக்கு அது மலேசியா வாசுதேவனும் எல்.ஆர். ஈஸ்வரியும்.

சவுண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரம்மும் பேஸும் ஒரே சீராக, டாப் கியரில் 60-இல் போகிற மாதிரி ஓடுகின்றன. வேகமும் கூடாது, குறையவும் குறையாது. மேலே சாக்சபோன் வந்து வந்து போகிறது. சாக்சபோன் என்றால் எனக்குக் கத்ரி கோபால்நாத்தான். அந்தக் காதுக்கு இது கொஞ்சம் சோம்பேறி வாசிப்பு, ஆனால் ராத்திரிக்கு ஏற்ற சோம்பல். குரல்தான் சன்னம். ஜன்னலை ஒரு விரல் இறக்கினாலும் காற்று தின்றுவிடுகிறது. கண்ணாடியை முழுக்க ஏற்றினால்தான் வார்த்தை கேட்கும். கடைசியில் பேரையே சொல்லிச் சொல்லி இழுப்பது கொஞ்சம் அதிகம்.

ரம் விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஜோ சோடாவில் ஓடுகிறவன் இல்லையாம், ரம்மாம். ஸ்டீயரிங் பிடிக்கிறவன் கையில் ரம் பாட்டிலும் வேண்டாம், அவனைப் பற்றிய பாட்டிலும் வேண்டாம். அப்புறம், ராத்திரியில் அமேசானுக்கு விடு வண்டியை என்கிறார்கள். பாரீசிலிருந்தா? நடுவில் கடல் இருக்கிறது. சரி, பாட்டு.

எனக்கு முதலில் உறுத்தியது வேறு. டாக்சிப் பாட்டு என்கிறார்கள், சவாரியே இல்லை. யாரும் கை காட்டவில்லை, ஏறவில்லை, இறங்கவில்லை, பேட்டாவுக்குப் பேரம் பேசவில்லை. ஜோ பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே இருக்கிறான். இது என்ன டாக்சி என்று அந்த மதாமிடமே கேட்டேன், அவர் சிரித்தார்.

ரெண்டு வாரம் கழித்து ஏர்போர்ட்டில் ஒரு டிராப். ரிட்டர்ன் சவாரி கிடைக்கவில்லை, எம்ப்டியாகத்தான் வந்தேன். மரக்காணம் வரும்போது மணி மூன்று இருக்கும். ரெண்டு பக்கமும் உப்பைக் குவித்து ஓலை மூடி வைத்திருந்தார்கள், சில குவியல் மூடாமல் ஹெட்லைட்டில் வெள்ளையாகப் பளிச்சென்று வந்து போயின. இந்தப் பாட்டைப் போட்டேன். பின் சீட்டில் ஆள் இல்லை. எங்கே போகிறோம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜோ ஓட்டுகிறது இந்த ஓட்டம்தான். எம்ப்டி ரிட்டர்னுக்கு ஒரு பாட்டு இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. காசுக் கணக்கில் அது நஷ்டம், டீசல், டோல் எல்லாம் கைக்காசு. ஆனால் டிரைவர் தனக்காக ஓட்டுகிற மூன்று மணி நேரமும் அதுதான்.

ஜோவுக்கு முன்மாதிரி ஒரு பெண் என்று பிறகு படித்தேன். போர்ச்சுகலிலிருந்து பாரீசுக்குப் போய் டாக்சி ஓட்டியவராம். பாட்டில் அவன் அவன் என்றே வருகிறது. மறுபடி கேட்டபோது ஸ்டீயரிங்கில் வேறு கை தெரிந்தது.

சவாரி இருக்கும்போது இதைப் போடாதீர்கள் என்பது என் அனுபவம். போன வாரம் ஒரு பெரியவர் அரை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, கொசு பாடுற மாதிரி? ராஜா பாட்டு எதாவது போடு" என்றார். போட்டேன். ஸ்டாண்டில் இன்னும் மோசம். 'ஜோ லெ டாக்சி' அவர்கள் காதில் 'ஜோலி டாக்சி' என்று விழுந்திருக்கிறது. இப்போது நான் வண்டியை ஓரம் கட்டினால், "ஏய், ஜோலி வந்துட்டாருடா, டீ சொல்லு" என்கிறார்கள்.