‘ஓவர்கிளாக் செய்து தருகிறோம்’ என்று தனிக் கட்டணம் கேட்கும் கடைகள் குறித்து ஓர் எச்சரிக்கை

சென்னை ரிச்சி தெருவில் உள்ள ஒரு கடையில், வீடியோ எடிட்டிங் வேலைக்காக ரைசன் 5 5600எக்ஸ் பிராசசருடன் மேசைக்கணினி ஒன்றைச் சென்ற கோடையில் அசெம்பிள் செய்யக் கொடுத்திருந்தேன். பாகங்களின் விலையைப் பேசி முடித்த பிறகு, மேற்கொண்டு 3,000 ரூபாய் கொடுத்தால் பிராசசரைப் பாதுகாப்பாக ஓவர்கிளாக் செய்து (அதாவது நிறுவனம் நிர்ணயித்ததைவிடக் கூடுதல் வேகத்தில் ஓடவைத்து) தருவதாகவும், எடிட்டிங் வேலைக்கு அது கட்டாயம் தேவை என்றும் கடைக்காரர் சொன்னார். அந்தப் பணத்துக்கு அவர் செய்து கொடுத்தது, பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பொருத்தியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட மோசமான ஒரு கணினியை.

பிராசசரின் பெட்டியில் அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். கடையில் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, ஆறு கோர்களும் (பிராசசரினுள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதைக் காட்டி, ‘பார்த்தீர்களா சார், 800 மெகாஹெர்ட்ஸ் ஏற்றியிருக்கிறோம்’ என்றார்கள். கேட்பதற்குப் பெரிய லாபமாகத் தோன்றும். ஆனால் இந்தப் பிராசசர், எவரும் கை வைக்காமலேயே, ஓரிரு கோர்கள் மட்டும் உழைக்கும் வேலைகளில் 4.6 வரை தானாக ஏறக்கூடியது என்பதையும், 4.5 என்று நிலையாகப் பூட்டிவிட்டால் அந்த ஏற்றம் நின்றுபோகும் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. ஆக, சிறு வேலைகளில் வேகம் குறைந்தது. எல்லாக் கோர்களும் உழைக்கும் வேலைகளில் கிடைத்த சிறிதளவு வேகத்துக்கு ஈடாக வெப்பம் பன்மடங்கு தொல்லை கொடுத்தது.

வெப்பத்துக்குக் காரணம் மின்னழுத்தம். பயாஸில் (கணினியின் வன்பொருள் அமைப்புகளை மாற்றும் அடிப்படை மென்பொருள்) அதை 1.4 வோல்ட் என்று நிலையாக வைத்திருந்தார்கள். பிராசசர் உண்ணும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 1.2 வோல்ட்டில் ஓடும் அதே வேகத்தை 1.4 வோல்ட்டில் ஓட்டினால் ஏறத்தாழ 36 விழுக்காடு கூடுதல் வெப்பம் வெளிப்படும். இயல்பு நிலையில் இந்தப் பிராசசர் 76 வாட் என்ற வரம்புக்குள் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். கையால் வேகத்தைப் பூட்டியதும் அந்த வரம்பு செயலற்றுப்போகிறது. இவ்வளவையும் பெட்டியோடு இலவசமாக வரும் சிறிய கூலரின் தலையில் கட்டியிருந்தார்கள்.

இதைக் கேட்டபோது, ‘கம்பெனி செட்டிங்கிலேயே 1.4 வோல்ட்டுக்கு மேல் போகிறதே’ என்றார் கடைக்காரர். இது பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. ஒரு கோர் மட்டும் கண நேரம் உச்ச வேகத்துக்கு ஏறும்போது, மின்னோட்டம் குறைவாக இருக்கையில், அந்த அளவு மின்னழுத்தம் வந்து போவது இயல்புதான். ஆறு கோர்களும் முழுப் பளுவில் மணிக்கணக்காக உழைக்கும்போது அதே அளவைத் திணித்தால், மிகுந்த மின்னோட்டமும் வெப்பமும் சேர்ந்து சில்லினுள் இருக்கும் நுண்ணிய உலோகத் தடங்களை நாளடைவில் அரித்துவிடும். இப்படித் தேய்ந்த பிராசசர் பழைய வேகத்தைத் தாங்க மேலும் அதிக மின்னழுத்தம் கேட்கும்.

கடையில் குளிர்சாதன அறையில் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளைச் சில நிமிடங்கள் ஓட்டிக் காட்டியது ஒரு சோதனையே அல்ல. வீட்டுக்கு வந்தபின், வெயில் நேரத்தில் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போதெல்லாம் வெப்பநிலை இந்தப் பிராசசருக்கான உச்ச வரம்பாகிய 95 டிகிரியை எட்டியது. கணினி எச்சரிக்கை ஏதுமின்றி ரீஸ்டார்ட் ஆனது. விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ‘வியா லாகர்’ என்ற பெயரில் வன்பொருள் பிழைகள் பதிவாகியிருந்தன. கடைக்காரரோ முதலில் வீட்டு மின்சாரத்தைக் குறை சொன்னார், பிறகு விண்டோஸைக் குறை சொன்னார், கடைசியில் ‘ஓவர்கிளாக் செய்த பிராசசருக்கு வாரண்டி கிடையாது’ என்று கைவிரித்தார். ஓவர்கிளாக் செய்ததால் ஏற்படும் சேதத்தை, பிராசசரைத் தயாரிக்கும் ஏஎம்டியின் வாரண்டி ஏற்காது என்பது உண்மையே. அதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டியவர் அவர். பில்லிலோ வெறும் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்றுதான் இருந்தது.

இன்னொன்று எரிச்சலூட்டியது. வேகம் 3200 என்று சொல்லி விற்ற ரேம் 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. 3200 இந்தப் பிராசசர் முறைப்படி ஏற்கும் வேகம். ரேமை அதற்குச் சொல்லப்பட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் இயக்கினால் போதும். அந்த ஒரு நிமிட வேலையைக்கூட யாரும் செய்யவில்லை.

பயாஸை இயல்பு நிலைக்குத் திருப்பியதும் ரீஸ்டார்ட் ஆவது நின்றது. புதிதாக முயல்வோர் இதற்காகக் கடைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. முதலில் எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் மதிப்பெண்ணையும் எச்டபிள்யூஇன்ஃபோ காட்டும் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள் கையில் இல்லாவிட்டால் லாபமா நட்டமா என்று சொல்லவே முடியாது. நல்ல கூலர் பொருத்திய பிறகு, வேகத்தைப் பூட்டுவதற்குப் பதிலாக பிராசசரின் தானியங்கி வேக ஏற்றத்தைச் சரிசெய்யும் பிபிஓ வசதியில் உள்ள கர்வ் ஆப்டிமைசரை மைனஸ் 10 போன்ற சிறிய அளவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ப்ரைம்95 அல்லது ஓசிசிடி என்ற பளுச் சோதனை மென்பொருளை நெடுநேரம் ஓட்டிப் பாருங்கள். இது மின்னழுத்தத்தைக் குறைக்கும் வழி என்பதால் அதே வேகத்தில் வெப்பமும் குறையும். ஆனால் இதுவும் நிறுவனத்தின் கண்ணில் ஓவர்கிளாக்தான்.

அப்படியும் கடையில்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், வைத்திருக்கும் வேகம், மின்னழுத்தம், முழுப் பளுவில் எட்டும் வெப்பநிலை ஆகியவற்றையும், வாரண்டி போனால் பொறுப்பு யாருடையது என்பதையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு 3,000 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். பிராசசரை மாற்றித் தர மட்டும் இன்றுவரை மறுக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமின்றி வழக்குத் தொடுக்கலாம் என்பதால், ஈவென்ட் வியூவர் பதிவுகளையும் பயாஸ் திரையின் படங்களையும் சேர்த்து அந்த மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.