பஃபி ரசிகர் புனைவுகள்: நீண்டநாள் வாசிப்பில் தெரிந்தவை

வேம்பயர்களை, அதாவது ரத்தக் காட்டேரிகளை, வேட்டையாடும் பஃபி என்ற பெண்ணின் கதையைச் சொன்ன அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ 2003 மே மாதம் 144 எபிசோடுகளோடு முடிந்தது. அதன் கிளைத் தொடர் ‘ஏஞ்சல்’ அடுத்த ஆண்டு 110 எபிசோடுகளில் நின்றது. ரசிகர்கள் மட்டும் இன்னும் எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். குவிந்து கிடக்கும் இந்தக் கதைகளில் எது நல்லது என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். கதை தொடரின் எந்த எபிசோடிலிருந்து விலகுகிறது? விலகிய பிறகும் அந்த உலகத்தின் விதிகளை மதிக்கிறதா?

முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் கதையோடு போடும் டேகிலேயே, அதாவது குறிச்சொல்லிலேயே, கிடைக்கும். ‘கேனன் டைவர்ஜென்ஸ்’ (மூலக் கதையிலிருந்து விலகல்) என்பதோடு ‘எஸ்05இ22’ போன்ற எபிசோடு எண்ணும் இருந்தால், எழுதியவர் இடம் பார்த்துத்தான் கிளை பிரித்திருக்கிறார் என்று நம்பலாம். அந்த 5ஆம் சீசன் கடைசி எபிசோடில் பஃபி இறக்கிறாள். 6ஆம் சீசன் தொடக்கத்தில் உயிரோடு வருகிறாள். இடையில் போனது 147 நாள் என்று, அவளைக் காதலிக்கும் வேம்பயர் ஸ்பைக் எண்ணி வைத்திருப்பான். இந்த இடைவெளியில் நடக்கும் கதைகள் ஏராளம். அதில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் கணக்கு உதைக்கிறது என்று பொருள். அவள் இறந்தது மே மாதம், மீண்டது அக்டோபரையொட்டி.

விதிகளில் அதிகம் சறுக்குவது மூச்சு. முதல் சீசன் முடிவில் நீரில் மூழ்கிய பஃபிக்கு அவள் காதலிக்கும் வேம்பயர் ஏஞ்சலால் மூச்சு ஊத முடியாது, அவனிடம் மூச்சே இல்லை, அவள் நண்பன் ஸாண்டர்தான் ஊதுகிறான். இதை மறந்து ஏஞ்சலை மூச்சிரைக்க ஓடவிடும் கதைகள் நிறைய. ஸ்பைக் சிகரெட் பிடிக்கிறானே என்ற எதிர்வாதமும் நியாயம்தான். காற்றை இழுத்து விட அவனால் முடியும், உயிர்வாழ அது தேவையில்லை என்று கொள்ளும் எழுத்தாளர்கள் இந்த முரணை அழகாகக் கடந்துவிடுகிறார்கள்.

ஆன்மா விஷயம் இதைவிட நுணுக்கமானது. ஏஞ்சலுக்கு 1898இல் சாபமாகத் திரும்பி வந்த ஆன்மா, ஒரு கணம் முழு மகிழ்ச்சி கிடைத்தாலே பறிபோகும். ஸ்பைக் 6ஆம் சீசன் முடிவில் சோதனைகளைத் தாங்கித் தானே தேடிப் பெற்ற ஆன்மாவுக்கு அந்த நிபந்தனை கிடையாது. இருவரையும் ஒரே தட்டில் வைத்து எழுதும் கதை, பாத்திரத்தின் அடித்தளத்தையே இழந்துவிடுகிறது. 4ஆம் சீசனில் ஸ்பைக்கின் தலைக்குள் வைத்த சிப்பும் ஆன்மாவும் ஒன்றல்ல. சிப் மனிதரைத் தாக்கினால் வலி கொடுக்கும், மனசாட்சி கொடுக்காது.

அழைப்பு விதி: வீட்டில் வசிப்பவர் கூப்பிட்டால்தான் வேம்பயர் உள்ளே வர முடியும். ஒருமுறை கூப்பிட்டால் மந்திரம் போட்டு ரத்து செய்யும்வரை அது செல்லும். வசித்தவர் இறந்துவிட்டால் தடையும் போய்விடும். ‘ஏஞ்சல்’ 2ஆம் சீசனில் கேட் என்ற பெண்ணின் வீட்டுக்குள் ஏஞ்சல் அழைப்பில்லாமல் நுழைவதைத் தொடர் வேண்டுமென்றே விளக்காமல் விட்டிருக்கிறது. விளக்காத இந்த இடத்தில்தான் சிறந்த கதைகள் சில முளைத்திருக்கின்றன.

இந்த விதியைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தால் சுவையான சிக்கல்கள் வரும். கொண்டோ வாசலில் பாதுகாவலர் பெயர் பதிந்து உள்ளே விடுவது அழைப்பாகாது, அவர் அங்கே வசிப்பவர் அல்ல. நாள் வாடகைக்கு விடும் யூனிட்டில் நிரந்தரவாசி யாருமில்லை. அதை ஹோட்டல் அறைபோலத்தான் கொள்ள வேண்டும். நேரக் கணக்கும் மாறும். இங்கே ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். ‘நீண்ட குளிர்கால இரவு’ என்று எழுத வழியே இல்லை. சூரியன் காலை 7 மணியையொட்டி உதிக்கும். ஆனால் 6.30க்கே பள்ளிப் பிள்ளைகள் பேருந்துக்கு நிற்பார்கள், சுபோ தொழுகை முடிந்து ஆட்கள் திரும்புவார்கள், மாமாக் கடையில் ரொட்டி சானாய் கல்லில் விழும். வேம்பயருக்கு இருட்டு கிடைக்கும், தனிமை கிடைக்காது. இதை உணர்ந்து எழுதினால் ஊர் கதைக்குள் வந்துவிடும். மலாய் நாட்டுக் கதைகளின் பெண் பேயான பொந்தியானாக்கைச் சேர்ப்பவர்கள் அவளை மரக்குச்சியால் குத்திச் சாம்பலாக்க வேண்டாம். அவள் கடிபட்டு மாறியவள் அல்ல, பிரசவத்தில் இறந்தவள்; அவளை அடக்குவது பிடரியில் அறையும் ஆணி.

தேடும் முறைக்கு வருவோம். ரசிகர் புனைவுகளைச் சேர்த்து வைக்கும் தளமான ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன், அதாவது ஏஓ3, பொதுவுக்குத் திறந்தது 2009இல். தொடர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து. எனவே ‘கூடோஸ்’ (வாசகர் தரும் பாராட்டுக் குறி) வரிசையில் தேடுவது பழைய கதைகளுக்கு அநியாயம். 2001, 2002இல் வேறு தளங்களில் கொண்டாடப்பட்டவை பிறகுதான் இங்கே இடம்பெயர்ந்தன. அவற்றின் வாசகர்கள் கூடவே வரவில்லை. ஃபில்டரில் தேதி எல்லையை 1998 முதல் 2004 வரை வைத்துப் பாருங்கள். பழைய தேதியோடு ஏற்றப்பட்டவை மேலே வரும். கூடோஸ் குறைவாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். நெடுங்கதைக்கும் சிறுகதைக்கும் கூடோஸுக்கும் ஹிட்ஸுக்கும் (கதை திறக்கப்பட்ட எண்ணிக்கை) உள்ள விகிதத்தை ஒப்பிடுவதும் தவறு. ஒருவர் ஒரு கதைக்கு ஒரே கூடோஸ்தான் தரமுடியும். 40 அத்தியாயக் கதைக்கு அவரே திரும்பத் திரும்ப வருவதால் ஹிட்ஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

ஒரே காதல் ஜோடியின் கதை மட்டும் வேண்டுமென்றால், முடிவுகளுக்குள் தேடும் பெட்டியில் ‘ஓடிபி’, முக்காற்புள்ளி, ‘ட்ரூ’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பஃபி–ஸ்பைக் கதை என்று திறந்து பாதிவரை வேறு ஜோடியைப் படிக்கும் அவதி குறையும்.

எச்சரிக்கைக் குறிகளை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘எச்சரிக்கை எதுவும் பொருந்தாது’ என்பதும் ‘எச்சரிக்கை தர எழுத்தாளர் விரும்பவில்லை’ என்பதும் எதிரெதிர். இரண்டாவதில் எதுவும் இருக்கலாம். 6ஆம் சீசனில் குளியலறையில் ஸ்பைக் பஃபியைப் பலவந்தப்படுத்த முயலும் காட்சியைத் தொட்டு எழுதியவை பல இருப்பதால், அந்தக் காலத்துக் கதைகளுக்கு இது மிக முக்கியம்.

கோலாலம்பூர் எல்ஆர்டி ரயிலில் வாசிப்பவர்கள் முன்கூட்டியே ஈபப் (மின்னூல் கோப்பு) இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து அம்பாங் பார்க்வரை கிளானா ஜெயா தடம் நிலத்தடியில் போகிறது, சிக்னலை நம்ப முடியாது. நிமிடத்துக்கு 250 சொல் என்று வைத்தால் அரை மணி நேரத்தில் 7,500 சொல் ஓடும். ஒரு லட்சம் சொல் கதைக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு: எழுத்தாளர் கதையை அழித்தால் தளத்தில் அது மீளாது. 2023 ஜூலையில் இணையத் தாக்குதலுக்குள்ளாகித் தளமே முடங்கியபோது, இறக்கி வைத்திருந்தவர்கள் மட்டும் தடையில்லாமல் வாசித்தார்கள். ஆனால் இறக்கிய கோப்பு தானாகப் புதுப்பிக்கப்படாது. தொடரும் கதையென்றால் ‘சப்ஸ்கிரைப்’ செய்து, புதிய அத்தியாயம் வந்ததும் மறுபடி இறக்க வேண்டும். கோப்பின் கடைசிப் பக்கத்தில் கருத்து எழுதும் இணைப்பு இருக்கும். இருபது வருடப் பழைய கதைக்குக்கூட அதைத் தட்டி, பிடித்த காட்சியைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுங்கள்.